ஆண்டர்சன் தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு

சிவகாசியில் ஜூன் கடைசியில் லீவு கேட்பவனை முதலாளி மேலும் கீழும் பார்ப்பார். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும், ஐந்து வாரம்தான் பாக்கி. மிஷின் ராத்திரி பகலாக ஓடும். அந்த நேரத்தில்தான் நான் இரண்டு நாள் கேட்டேன். சென்னை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்ப் புதுசாக வந்திருக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டைகளைப் பார்த்து சாம்பிள் வாங்கி வருகிறேன் என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். இரண்டு இடத்திலும் ஒரே பொய் என்றால் மாற்றி உளற வேண்டியிருக்காது.

போனது வானவில் சுயமரியாதைப் பேரணிக்கு. ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களும் திருநர்களும் சேர்ந்து நடக்கிற ஊர்வலம். 2009-ல் மெரினாவில் தொடங்கி, ஜூன் மாதக் கடைசியில் சென்னையில் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. இத்தனை வருஷமும் மறுநாள் பேப்பரில் படம் பார்ப்பேன், அதோடு சரி. படத்தைப் பார்த்துவிட்டு, பேப்பரை மிஷின் துடைக்கிற பழசுகளோடு போட்டுவிடுவேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாகப் பத்திரிகைக்கு டைப் செட் பண்ணுகிறேன். ‘நிகழும் மங்களகரமான’ என்று விரல் தானாக அடிக்கும். ஊரில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு மணமகன், மணமகள் பெயரைக் கோர்த்தவன் நான். புரூஃப் பார்க்க வருகிற பெரியவர்கள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்பார்கள், “அது சரி, ஒனக்கு எப்பப்பா?” மூன்றாயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். “வேலை முடியட்டும் அண்ணாச்சி” என்பது என் பதில். என்ன வேலை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பொதிகையில் ஏறி, விடிய எழும்பூரில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரூம் கேட்டால், லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்காமல் “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்கிறார். ஊரை விட்டு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி வந்தும் அதே புரூஃப் ரீடிங்.

பேரணி மாலையில்தான். காலையில் பாந்தியன் சாலை மியூசியத்துக்கு நடந்தே போனேன். வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். வெண்கலக் கூடத்தில் நடராஜர்களைச் சுற்றிக் கூட்டம். எனக்கு வேண்டியது திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரி. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. வலது பக்கம் இரண்டு கை, இடது பக்கம் ஒரு கை. வலது தோள் நேராக நிற்கிறது, இடுப்பு இடப்பக்கம் வளைகிறது. அச்சுக்காரன் புத்தி போகுமா? நட்டநடுவே கோடு எங்கே சேர்கிறது என்றுதான் தேடினேன். இரண்டு பிளேட்டில் அடிக்கும்போது ரெஜிஸ்டர், அதாவது ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை விலகினாலும் முகத்தில் நிழல் விழும். இங்கே சேர்மானமே தெரியவில்லை. மார்பில் மாறுகிறது, இடையில் மாறுகிறது, ஆனால் எந்த இடத்தில் என்று விரல் வைக்க முடியவில்லை. அரைமணி நேரம் நின்றிருப்பேன். காவலாளி இரண்டு தடவை என்னைக் கடந்து போனார்.

நம்மாட்கள் சிலர் எடுத்ததற்கெல்லாம் அர்த்தநாரியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. சாமி கையெழுத்துப் போட்டால்தான் மனுஷனுக்கு மரியாதை என்றால் அந்த மரியாதை எதற்கு? வேலைப்பாட்டுக்காகப் பார்த்தேன், அவ்வளவே.

மூன்று மணிக்கு மேல் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் போனேன். கொரோனா காலத்துக் கறுப்பு மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் நின்று இளநீர் குடித்தேன். இன்னொரு இளநீரும் குடித்தேன். பறைச் சத்தம் கேட்டது. ரோட்டைக் கடக்க அடியெடுத்து வைக்க எவ்வளவு நேரமானது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஓரத்தில் ஒருவர் ஆறு பட்டை வானவில் துண்டு விற்றுக்கொண்டிருந்தார். நூறு ரூபாய். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். சாயம் நிற்காது என்று தேய்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிந்தே வாங்கி வெள்ளைச் சட்டை மேல் போட்டுக்கொண்டேன்.

இந்த வானவில் கொடியின் கதை அச்சுத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் பிடிக்கும். 1978-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் கூட இருந்தவர்களும் கையால் சாயம் தோய்த்துச் செய்தபோது எட்டு நிறம். நிறைய அடிக்க வேண்டும் என்று வந்தபோது அந்த அடர் ரோஸ் நிறத்தில் துணி கிடைக்கவில்லை, அது போயிற்று. அடுத்த வருஷம் இன்னொன்றும் குறைந்து ஆறானது. கொள்கைக்காக இல்லை, ஒன்று ஸ்டாக் இல்லாததற்காக, இன்னொன்று பட்டைகள் இரட்டைப்படையாக இருந்தால் வசதி என்பதற்காக. எங்கள் ஊரில் தினமும் நடப்பது. ஊர்வலத்துக்கு முன்னால் பிடித்திருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தால் ஊதா ஊதாவாக வரவில்லை, நீலத்தில் விழுந்திருந்தது. நாலு கலர் அச்சில் ஊதா அப்படித்தான், படுத்தி எடுக்கும்.

நடந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் பச்சைப் பட்டுப்புடவையில் ஒரு அக்கா. மல்லிகைப்பூ தலை கொள்ளாமல் இருந்தது. எல்லாரும் கோஷம் போட நான் மட்டும் மாஸ்க்குக்குள் வாயை மூடிக்கொண்டு நடப்பதைக் கவனித்துவிட்டார்.

“தம்பி எந்த ஊரு?”

“சிவகாசிக்கா.”

“பட்டாசா, அச்சா?”

“அச்சு.”

“அதான் சத்தமே வரல. கத்துடா!”

கத்தினேன். முதலில் வந்தது இருமல்தான். பக்கத்திலிருந்த பையன் ஒருவன் மோர் பாக்கெட் கொடுத்தான். குடிக்க மாஸ்க்கை இறக்கினேன். மறுபடி ஏற்றவே இல்லை என்பதை ராத்திரி லாட்ஜ் கண்ணாடியில் தாடைக்குக் கீழே அது தொங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வழியில் எத்தனை கேமரா இருந்தது!

கோஷத்தில் பாதி தமிழில் இருந்தது. வெளிநாட்டில் ‘ப்ரைடு’ என்கிறார்கள், இங்கே ‘சுயமரியாதை’ என்று வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. எனக்கு அந்தச் சொல் பத்திரிகை வழியாகத்தான் பழக்கம். எப்போதாவது ஒரு சுயமரியாதைக் கல்யாண ஆர்டர் வரும். பிள்ளையார் சுழி இருக்காது, முகூர்த்த நேரம் இருக்காது, ‘வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா’ என்று மேலே போடுவோம். ஐயர் இல்லாமல், சொந்தபந்தம் முன்னால் மாலை மாற்றினால் போதும் என்று அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கு நாற்பது வருஷம் முன்பிருந்தே ஜனங்கள் சட்டத்துக்குக் காத்திராமல் அப்படிக் கல்யாணம் பண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். அது ஞாபகம் வந்தது. 2023 அக்டோபரில் எங்கள் கல்யாணத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று நான் ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்கு பார்டர் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு தாய் தனியாக வந்திருந்தார். ஐம்பத்தைந்து இருக்கும், காட்டன் புடவை, தோளில் தண்ணீர் பாட்டில் துருத்திய பை. கையில் சார்ட் அட்டை. ‘என் பிள்ளை என் பெருமை’ என்று ஸ்கெட்ச் பேனாவில். ஆரம்பத்தில் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டார், ஓரத்துக்கு வரும்போது இடம் போதவில்லை. ‘பெரு’ மேலே நிற்க, ‘மை’ மட்டும் அடுத்த வரியில் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் பிறர் எழுத்துக்கு ஸ்பேஸ் சரி பண்ணியவன், அதை மட்டும் தொட மனசு வரவில்லை. “நல்லா இருக்குங்கம்மா” என்றேன். “கோணலாப் போச்சுப்பா” என்றார்.

இருட்டியதும் எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா ரோட்டில் நடந்தேன். அது நேரே உழைப்பாளர் சிலையிடம் கொண்டுபோய் விடும். நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள், இத்தனை வருஷமாகியும் பாறை அசையவில்லை. மணலில் உட்கார்ந்து தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டல். பக்கத்தில் இரண்டு பையன்கள் கைகோர்த்துக்கொண்டு போனார்கள். நண்பர்களா, அதற்கு மேலா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நம் ஊர்களில் அது ஒரு சௌகரியம், அதுவே ஒரு மறைப்பும்கூட.

திங்கட்கிழமை, சொன்ன பொய்யை உண்மையாக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி, முதலில் கோர்ட்டை வெளியிலிருந்தே பார்த்தேன். 1892-ல் திறந்த சிவப்புக் கட்டடம், உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கு எரிந்தது. 2021 ஜூனில், வீட்டை விட்டு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த ஈர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் பார்ப்பதைத் தடை செய்தார். எனக்கு இது புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டு வந்து எழுதிய தீர்ப்பு. படிக்காமல் புரூஃபில் ‘ஓகே’ போடுகிறவர்கள் நடுவில் இப்படியும் ஒருவர். மதுரைக் கிளை 2019-லேயே தூத்துக்குடி வழக்கொன்றில் ‘மணமகள்’ என்றால் திருநங்கையும் அதில் அடக்கம் என்று சொல்லிவிட்டது. நான் தினமும் அடிக்கிற சொல். அது அவ்வளவு அகலம் என்று கோர்ட் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆண்டர்சன் தெருவில் கடை கடையாக ஏறினேன். முதலாளிக்குப் பதினெட்டு சாம்பிள் எடுத்துக்கொண்டேன். ஒரு கடையில் படம் எதுவும் இல்லாத வெற்று அட்டை இருந்தது. பிள்ளையார் இல்லை, ஜோடி பொம்மை இல்லை, ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு மட்டும். அதில் ஒன்று எனக்காக வாங்கினேன். கடைக்காரர் ஒன்று கொடுக்க மாட்டேன் என்றார், நூறாக எடுக்கச் சொன்னார். கெஞ்சி வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை வீடு. எதிர்பார்த்தபடியே துண்டின் சாயம் வேர்வையில் ஊறி, வெள்ளைச் சட்டையின் காலரிலும் தோளிலும் ஊதாவும் சிவப்பும் இறங்கியிருந்தது. லாட்ஜில் கசக்கியும் போகவில்லை. அம்மா பையிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தார்.

“என்னடா இது?”

“மைம்மா. கடையில பட்டிருச்சு.”

அம்மா ஒன்றும் சொல்லாமல் வாளியில் முக்கினார். நான் பல் தேய்த்துவிட்டு வரும்போது தண்ணீர் முழுக்க ஊதாவாக இருந்தது. இருபது வருஷமாக என் சட்டைகளைத் துவைக்கிறவர்.

“மைன்னா மண்ணெண்ணெய் வச்சுத் தேச்சாத்தானே போகும். இது தண்ணியிலயே ஓடுதே.”

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு தடவை அலசிக் கொடியில் போட்டார். ராத்திரி சோறு போடும்போது, குழம்புக் கரண்டியைப் பார்த்தபடி சொன்னார்.

“அடுத்த தடவ போறப்போ பழைய சட்டையாப் போட்டுட்டுப் போ.”