செவ்வாய்க்கிழமை வரைக்கும்

நவம்பர் 4, 2024 – திங்கள்

டிசம்பர் 3, கிவிங் டியூஸ்டே. கொடுப்பதற்கென்றே ஒதுக்கிய செவ்வாய். அன்றைக்குத்தான் நாங்கள் நிதி கேட்கிறோம். இன்னும் 29 நாள்.

கூட்டத்தில் பலகை நிறைந்துவிட்டது. ஓட்டம், இசை நிகழ்ச்சி, ஏலம், ஓவியக் கண்காட்சி, சட்டை விற்பது. ஒன்றும் மோசமான யோசனை இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் நாம் கைக்காசு போட வேண்டும், இடம் பிடிக்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, வாக்கர், கட்டில் இரவல் கொடுக்கிற நாங்கள் மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் வேலை முடித்து மாலை ஏழுக்கு மேல்தான் வருவார்கள்.

பொருளாளர் கேட்டார்: “ஏன் அந்த ஒரு நாளிலேயே கேட்க வேண்டும்? மற்ற நாளில் யாரும் கொடுக்க மாட்டார்களா?” கேட்கக்கூடிய கேள்விதான். 2012-இல் நியூயார்க்கில் கிவிங் டியூஸ்டேயைத் தொடங்கியபோது, வாங்கிக் குவிக்கும் நாட்கள் முடிந்த கையோடு கொடுப்பதற்கும் ஒரு நாள் இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள். எனக்கு அதைவிட முக்கியம் வேறு. அன்றைக்குக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கேட்கிற எனக்கும் தொண்டை அடைப்பதில்லை.

பலகையில் பாதிக்கு மேல் அழித்துவிட்டோம்.

நவம்பர் 5, செவ்வாய்

போன வருடம் கொடுத்தவர்களின் பட்டியலில் 41-ஆம் வரிசை. இன்றும் ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 7, வியாழன்

போன வருடத்து எக்ஸெல் தாளை மறுபடி திறந்தேன். 187 பேர். எல்லோருக்கும் ரசீது போயிருக்கிறது, அது தானாகவே போய்விடும். நன்றிக் கடிதம் ஒருவருக்கும் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி மார்ச் ஆகி, அப்புறம் எழுதவே வெட்கமாகிவிட்டது.

41-ஆம் வரிசைக்காரர் மூன்று வருடம் கொடுத்தார். மூன்று முறையும் ஒரே தொகை. மூன்று முறையும் நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்துக்குள். விழித்திருந்து கொடுத்திருக்கிறார். போன முறை குறிப்புக் கட்டத்தில் ஒன்று எழுதியிருந்தார்: “அப்பாவுக்கு நாற்காலி தந்தீர்கள். கடைசி மாதம் தினமும் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.”

இதை நான் படித்ததே ஜூனில். அதற்குள் அவர் எங்கள் மின்னஞ்சல் பட்டியலிலிருந்து விலகியிருந்தார்.

நவம்பர் 9, சனி

17-ஆம் எண் நாற்காலி திரும்பி வந்தது. முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றவில்லை, தரையில் இழுபடுகிறது. கழற்றிப் பார்த்தால் அச்சில் தலைமுடி. கறுப்பு, நரை, செம்பட்டை எல்லாம் கலந்து, நடுவில் ஒரு நீல நூல், கயிறு போல முறுக்கி இறுகியிருந்தது. பிளேடால் கீறிக் கீறி எடுத்தேன். முக்கால் மணி நேரம். உள்ளே பேரிங் துருப்பிடித்துப் போயிருந்தது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

நாற்காலியைத் தானமாகக் கொடுக்க ஆள் உண்டு. பேரிங் வாங்கக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு சின்னச் சக்கரம் நின்றால் முழு நாற்காலியும் மூலையில்தான்.

கையில் அந்த முடிச் சுருளை வைத்துக்கொண்டு நிற்கும்போது தோன்றியது. இதைத்தான் காட்ட வேண்டும். “எங்களுக்கு உதவுங்கள்” என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. ஒரு சக்கரம். ஒரு ஜோடி பிரேக். காற்றுமெத்தைக்கு ஒரு பம்ப். எதற்கு எவ்வளவு என்று எழுதிவிட்டால், கொடுப்பவர் தான் எதை வாங்கினோம் என்று அறிவார்.

தம்பி போன் எடுத்து வந்து படம் பிடித்தான். என் கை நடுங்குவது படத்தில் தெரிகிறது. இருக்கட்டும்.

நவம்பர் 11, திங்கள்

கடிதத்தின் முதல் வரிக்கே ஒரு மாலை போயிற்று.

தம்பி, உலகில் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவை என்று தொடங்கியிருந்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, தப்பில்லை. ஆனால் 8 கோடி என்றதும் மனசு கையை விரித்துவிடுகிறது. நான் போட்டு என்ன ஆகப்போகிறது என்று. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் 2007-இல் எழுதிய ஆய்வை அவனுக்குக் காட்டினேன். மாலி நாட்டின் ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னபோது மக்கள் அதிகம் கொடுத்தார்கள். அவளோடு பஞ்சத்தின் புள்ளிவிவரத்தையும் சேர்த்துச் சொன்னபோது கொடுத்தது குறைந்தது. கூட்டிச் சொன்னால் கூடும் என்றல்லவா நினைப்போம்!

“அப்படியென்றால் ஒரு நோயாளியின் படத்தைப் போடலாமா அக்கா?” என்றான். அதுவும் வேண்டாம் என்றேன். படுத்த படுக்கையாக இருப்பவரிடம் போய், உங்கள் முகத்தைக் காட்டிப் பணம் கேட்கட்டுமா என்று கேட்டால், நாற்காலி வாங்கிய கடனுக்காகவே சரி என்பார். அது சம்மதமா? சக்கரத்தைக் காட்டுவோம். முடியைக் காட்டுவோம். யாரையும் பரிதாபமாக நிறுத்த வேண்டாம்.

8 கோடியை வெட்டினேன். அவனுக்கு வருத்தம். மூன்று நாள் தேடி எடுத்தது.

நவம்பர் 13, புதன்

மேட்சிங் கிடைத்தது! பழைய நன்கொடையாளர் ஒருவர், மற்றவர்கள் போடும் தொகைக்குச் சமமாகத் தானும் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். உச்ச வரம்பு உண்டு, அதுவே எங்களுக்குப் பெரிது.

தம்பி உடனே, ஒன்றுக்கு மூன்றாகப் போடச் சொல்லலாம் என்றான். அதில் பயனில்லை. கார்லனும் லிஸ்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் முன்பே கொடுத்துப் பழகிய 50,000-க்கும் அதிகமானோருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். மேட்சிங் உண்டு என்று சொன்னதுமே கொடுப்பவர்கள் 22 சதவீதம் கூடினார்கள். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்றாலும் ஒன்றுக்கு மூன்று என்றாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இரவு படுத்த பிறகுதான் அது உறுத்தியது. அவர் போனை வைக்கும்முன் சொன்ன ஒரு வார்த்தை: “யாரும் போடாவிட்டாலும் நான் கொடுத்துவிடுவேன், கவலைப்படாதீர்கள்.” நல்ல மனசு. ஆனால் அப்படியென்றால் நான் மற்றவர்களிடம், நீங்கள் கொடுத்தால்தான் இது வரும் என்று எப்படிச் சொல்வது? எப்படியும் வரப்போகிற பணத்தைக் காட்டி ஒருவரை அவசரப்படுத்துவது பொய்தானே. எல்லோரும் செய்கிறார்கள் என்பார் பொருளாளர். செய்யட்டும். 41-ஆம் வரிசைக்காரர் போன்ற ஒருவர் அதை நம்பி நள்ளிரவு வரை விழித்திருப்பார்.

நவம்பர் 14, வியாழன்

அவரிடமே பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார்: “சரி. தொகைக்கு வேண்டாம், தலைக்கு வைப்போம். 200 பேர் கொடுத்தால் மொத்தத்தையும் தருகிறேன். 199 என்றால் நிஜமாகவே தரமாட்டேன். அடுத்த வருடம் வாருங்கள்.”

போன வருடம் 187. வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் தூக்கம் வந்தது.

நவம்பர் 16, சனி

மழை. ஒரு வாக்கர் கொடுத்தோம், இரண்டு கட்டில் கேட்டார்கள், இல்லை.

நவம்பர் 18, திங்கள்

எங்களுக்காக நிதி திரட்டப் பன்னிரண்டு பேர் இணையத்தில் தங்கள் பெயரில் தனித்தனிப் பக்கம் திறக்க ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டே விஷயம்தான் சொன்னேன். முதலாவது, பக்கத்தைத் திறந்ததும் முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள். காலித் தட்டில் யாரும் முதலில் காசு போட மாட்டார்கள். இரண்டாவது, குழுவில் ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். இருபது பெயரைத் தாளில் எழுதுங்கள். அந்த இருபது பேருக்கும் பெயர் சொல்லி, தனித்தனியாக, அவர்களிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். எல்லோரையும் கேட்டால் யாரையும் கேட்கவில்லை என்றுதான் ஆகிறது.

ஒருத்தி சொன்னாள்: “அக்கா, என்னால் கேட்க முடியவில்லை. கையேந்துகிற மாதிரி இருக்கிறது.” எனக்கும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. நமக்காகக் கேட்டால் கூச்சப்படலாம். பேரிங்குக்காகக் கேட்க என்ன கூச்சம் என்று சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. அவளுக்குக் கேட்கிற வேலை வேண்டாம், நன்றி சொல்கிற வேலையைக் கொடுக்கலாம். அந்த வேலைக்குத்தான் எங்களிடம் ஆளே இருந்ததில்லை.

நவம்பர் 21, வியாழன்

பிரிட்டனின் முன்னாள் ராணுவ வீரர் கேப்டன் டாம் மூரின் படத்தை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். 2020-இல், நூறு வயது நிறைவதற்கு முன் தோட்டத்தில் நூறு சுற்று. ஆயிரம் பவுண்டு திரட்டக் கிளம்பியவருக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அவர் கையில் பிடித்திருந்தது நாங்கள் இரவல் கொடுக்கிற அதே மாதிரி வாக்கர். அதற்காகவே ஒட்டினேன்.

அவர் பெயரில் பின்னால் தொடங்கிய அறக்கட்டளையின் நிர்வாகச் சீர்கேடு பற்றிய விசாரணை அறிக்கை இன்று வந்திருக்கிறது. அவர் நடந்து திரட்டிய பணம் பற்றியது அல்ல அது. இருந்தாலும் படிக்கப் படிக்க நெஞ்சு கனத்தது. கொடுத்தவர்கள் அந்த வேறுபாட்டைப் பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? அடுத்த முறை யாராவது கேட்கும்போது கை ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கம் எங்கள் வாசலிலும் வந்து நிற்கும்.

போன வருடப் பணத்தில் என்னென்ன வாங்கினோம் என்பதை இன்றிரவே எழுதினேன். மெத்தை 6, நாற்காலி 4, பழுது 31, மீதி இவ்வளவு. ஒரே பக்கம். நிதி கேட்கும் பக்கத்தில் முதலில் அதுதான் இருக்கும்.

படத்தை எடுக்கவில்லை. அவர் நடந்தது நடந்ததுதான்.

நவம்பர் 24, ஞாயிறு

பணம் கட்டும் பக்கத்தைப் போனில் சோதித்தோம். ஒருவர் கொடுத்து முடிக்கப் பதினொரு இடத்தில் தட்ட வேண்டியிருந்தது. பிறந்த தேதி எதற்கு? நீக்கினோம். தொழில் எதற்கு? நீக்கினோம். “மாதந்தோறும்” என்ற கட்டத்தில் யாரோ முன்பே டிக் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. கவனிக்காமல் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வங்கிச் செய்தி பார்க்கிறவர் நம்மை என்ன நினைப்பார்? எடுத்தாயிற்று. இப்போது ஐந்து தட்டல்.

நவம்பர் 26, செவ்வாய்

இரவல் பேரேட்டைப் புரட்டினேன். 41-ஆம் வரிசைக்காரரின் அப்பாவுக்குப் போனது 17-ஆம் எண் நாற்காலி.

17.

நவம்பர் 27, புதன்

கடிதம் எழுதினேன். கையால். மின்னஞ்சல் வேண்டாம் என்றவருக்கு மின்னஞ்சல் அனுப்புவது மரியாதை இல்லை, ரசீதில் முகவரி இருந்தது. நான்கு முறை கிழித்தேன். ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்தியில் செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவதில் அது இல்லை.

அப்பாவின் நாற்காலி அவருக்குப் பிறகு ஒன்பது வீட்டுக்குப் போயிருக்கிறது, முன் சக்கரத்தை இப்போதுதான் சரி செய்தோம், இன்னும் ஓடும் என்று எழுதினேன். உங்கள் வரியை ஆறு மாதம் கழித்துத்தான் படித்தேன், மன்னியுங்கள். அவ்வளவுதான். எங்கள் வங்கி எண், இணைப்பு எதுவும் வைக்கவில்லை.

தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 30, சனி

பெயர்ப்பலகை யோசனை தம்பியுடையது. கொடுத்தவர்களின் பெயரெல்லாம், சம்மதித்தால், தொகை இல்லாமல், அகர வரிசையில். 1885-இல் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் போதாமல் நின்றபோது, ஜோசப் புலிட்சர் தம் நாளிதழில் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் அச்சிட்டார். 1,20,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள், பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாக. பீடம் எழுந்தது. இதை யாருக்குச் சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

முதல் கடிதம் இன்று மாலையே போய்விட்டது. செவ்வாயன்று எல்லோருடைய பெட்டியும் நிரம்பி வழியும்.

டிசம்பர் 2, திங்கள்

தூக்கமில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

12.01. முதல் நன்கொடை, பேரிங். தம்பி கத்திவிட்டான்.

12.10 தாண்டிவிட்டது. அவர் இல்லை.

காலை 6. 19 பேர்.

மதியம். 84. சக்கரத்தின் படம் எங்கெங்கோ போயிருக்கிறது. யாரோ “எங்கள் வீட்டு நாற்காலியிலும் இப்படித்தான், இன்று கழற்றிப் பார்த்தேன்” என்று படம் அனுப்பியிருக்கிறார்.

மாலை 6.30. 151.

6.40. பணம் கட்டும் சேவை நின்றுவிட்டது. எங்களுக்கு மட்டுமல்ல. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டு, யாரையும் இப்போது அனுப்ப வேண்டாம், வந்து திரும்பியவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள் என்றேன். 7.25-க்குத் திரும்பியது.

8.00. 158. தம்பி மெல்லக் கேட்டான், “என் தொகையை மூன்றாகப் பிரித்து அம்மா பெயரிலும் மாமா பெயரிலும் போடட்டுமா?” வேண்டாம் என்றேன். 200 தலை என்றால் 200 தலை. முகம் வாடிப் போனான். தோளில் கை வைத்தேன், வேறு என்ன சொல்ல.

குறித்து வைத்த பெயர்களுக்கு ஒவ்வொருவராகத் திரும்பப் பேசினோம்.

10.15. 197.

10.31. 200.

நள்ளிரவு. 226. 200 பேர் கணக்கு வைத்தவரை எழுப்பிச் சொன்னேன். “தெரியும், பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றார்.

டிசம்பர் 4, புதன்

கேட்க முடியவில்லை என்றாளே, அவள்தான் இன்று எல்லோரையும் உட்கார வைத்து 226 பெயரையும் ஆறாகப் பிரித்தாள். ஒரு அழைப்பு மூன்று நிமிடம். நன்றி, எந்தப் பொருளுக்குப் போகிறது, அவ்வளவுதான். வேறு எதையும் கேட்கக் கூடாது. என் பங்கு 38.

முதல் அழைப்பிலேயே எதிர்முனையில் ஒரு பாட்டி, “ஏம்மா, பணம் வந்து சேரவில்லையா?” என்று பதறிவிட்டார். இல்லை பாட்டி, நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். நம்பவே இல்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகு சிரித்தார், அப்புறம் இருபது நிமிடம் பேசினார்.

டிசம்பர் 5, வியாழன்

பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தேன். இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும்.

டிசம்பர் 6, வெள்ளி

பேரிங் வந்துவிட்டது, 40. இன்னும் 11 பேரிடம் பேச வேண்டும். 17-ஐ ஒரு வீட்டிலிருந்து கேட்கிறார்கள், நாளைக் காலை