கனமான வண்டியோடு மண் ரோட்டில்: இதுவரை

வண்டி ஹோண்டாவின் ஆஃப்ரிக்கா ட்வின் 1100 பைக், ஸ்டாண்டர்டு மாடல். டேங்க் நிறைந்திருந்தால் 226 கிலோ. அதற்கு மேல் பைகள், தண்ணீர், டூல்ஸ், அப்புறம் நான். தார் ரோட்டில் இந்தக் கனம் வசதிதான், பக்கக் காற்றுக்கு அசைந்து கொடுக்காது. மண் ரோட்டில்கூட மூன்றாவது கியரில் உருண்டுகொண்டிருக்கும்வரை கனம் தெரியாது. நடக்கிற வேகத்துக்கு இறங்கியதும் அத்தனை கிலோவும் மொத்தமாகக் காலில் வந்து இறங்கும். அதனால் நெடுந்தூரப் பயணத்துக்கான பயிற்சியை மெதுவாக ஓட்டுவதிலிருந்து தொடங்கினேன்.

காலி மைதானத்தில் எட்டு போடுவதுதான் பாடம். கிளட்ச்சைப் பாதி பிடித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் வைத்து, பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே திரும்புவது. வண்டியை உள்பக்கம் சாய்த்துவிட்டு உடம்பை வெளிப்பக்கம் வைக்க வேண்டும். முன் பிரேக்கை இந்த வேகத்தில் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது தொட்டால் வண்டி படுத்துவிடும். எண்ணெயில் ஊறிய கிளட்ச் என்பதால் இந்த இழுபறியைத் தாங்குகிறது. ஆனாலும் நடுநடுவே கொஞ்சம் ஆற விடுகிறேன்.

நின்றுகொண்டு ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எழுந்து நின்றால் புவியீர்ப்பு மையம் கீழே இறங்கும் என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆள் மேலே போனால் மையமும் மேலேதான் போகும். பலன் வேறு இடத்தில் இருக்கிறது: சீட்டோடு ஒட்டாமல் இருப்பதால் வண்டி நமக்குக் கீழே தன் இஷ்டத்துக்கு ஆடலாம், குலுக்கலை முழங்கால் வாங்கிக்கொள்ளும், பார்வையும் தூரம் போகும். இது புரிந்த பிறகு கையின் இறுக்கம் தானாகக் குறைந்தது. பிடியைச் சும்மா தொட்டுக்கொண்டு, முழங்காலால் டேங்க்கை அணைத்தால் போதும். ஹேண்டிலைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்ததில் முதுகு வளையாமல் நிற்க முடிகிறது. மற்ற எந்தச் செலவையும்விட இந்த இலவச வேலை அதிகம் உதவியது என்பேன்.

அடுத்தது சுமை. கெட்டியான அலுமினியப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுத் துணிப் பைகளுக்கு மாறினேன். எடை குறைவது ஒரு காரணம். வண்டி சாயும்போது பெட்டிக்கும் தரைக்கும் நடுவே கால் மாட்டினால் எலும்பு போகும் என்பது பெரிய காரணம். டூல்ஸ், ட்யூப், தண்ணீர் எல்லாம் கீழேயும் முன்னாலும். டென்ட், படுக்கை போன்ற லேசான சாமான் மட்டும் பின் கேரியரில். பின்னால் கனம் ஏறினால் முன் சக்கரம் லேசாகி, சரளையில் எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. சுமை ஏற்றிய பிறகு பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடையும், அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவையும், கூட்ட வேண்டும். ஆள், சாமான் எல்லாம் ஏறிய நிலையில் அது தன் முழு அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இந்த வண்டிக்கு 220 மில்லிமீட்டரில் சுமார் 70.

டயரில் காற்று: தார் ரோட்டில் முன்னால் 33, பின்னால் 36 பிஎஸ்ஐ. சரளை தொடங்கியதும் 25, 28 என்று இறக்குகிறேன். வண்டி நழுவுவது குறைகிறது, கல் குத்துகிற அதிர்வும் பாதியாகிறது. அதற்குக் கீழே போக எனக்குத் தைரியம் இல்லை. 21 இன்ச் முன் சக்கரத்தில் ட்யூப் இருக்கிறது. கூரான கல்லில் ஏறினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிக் கிழியும். பாறை அதிகமான இடத்தில் கொஞ்சம் கூட்டியே வைப்பது நல்லது. தார் ரோடு ஏறியதும் திரும்ப அடிக்கச் சின்ன பம்ப் கையில் இல்லாமல் இந்த விளையாட்டே வேண்டாம்.

எலக்ட்ரானிக்ஸில் நான் தொடுவது இரண்டுதான். இறக்கத்து மண்ணில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அணைக்கிறேன், ட்ராக்ஷன் கன்ட்ரோலை (ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) கீழே இறக்குகிறேன்.

வண்டி விழும். விழுந்தால் முதலில் இன்ஜினை நிறுத்தி மூச்சு வாங்குங்கள், அவசரத்தில் தூக்கித்தான் முதுகு பிடிக்கிறது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முன்கூட்டியே சைடு ஸ்டாண்டைப் போட்டு, கியரிலும் வைத்துவிடலாம். தரையில் கிடக்கிற பக்கத்துப் பிடி டேங்க்கை நெருங்கும்படி ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கையில் பிடியும் மறு கையில் கேரியருமாகச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் எழுந்துவிடும். பலம் தொடையிலிருந்து வர வேண்டும். ஒரே நாளில் மூன்றாவது முறையாகத் தூக்க நேர்ந்தால் அன்றைய பயணத்தை அதோடு முடித்துவிடுகிறேன்.

இதனால் தூரக் கணக்கே மாறிப்போனது. தார் ரோட்டில் 500 கிலோமீட்டர் போகிற ஆள், மண் ரோட்டில் 200-க்கு மேல் திட்டம் போடுவதில்லை. 18.8 லிட்டர் டேங்க் தாரில் 350 தாண்டும். சின்ன கியரில் உழும்போது அப்படிக் கிடைக்காது என்பதால் 270-லேயே அடுத்த பங்க்கைக் குறித்துக்கொள்கிறேன். சிக்னல் இல்லாத பாதை என்றால் சாட்டிலைட் மெசேஜ் கருவியை ஜாக்கெட்டில்தான் வைப்பேன். வண்டியில் வைத்தால், வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கிடக்கும்போது எட்டாது.

இன்னும் பிடிபடாதது மணல். எடையைப் பின்னால் தள்ளி, தூரத்தைப் பார்த்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் போக வேண்டும் என்பது மனப்பாடம். முன் சக்கரம் ஆடத் தொடங்கியதும் கை தானாக ஆக்ஸிலரேட்டரை மூடுகிறது, முன் சக்கரம் இன்னும் ஆழமாகப் புதைகிறது. அடுத்து முன்னால் கட்டை போட்ட டயர் (மண்ணைக் கவ்வும்படி பெரிய ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருப்பது) மாட்டி, பைகளே இல்லாமல் ஆற்று மணலில் பழகப் போகிறேன்.