எக்ஸ்-15இன் வாலைக் கொஞ்சம் பாருங்கள்

ஹைப்பர்சானிக் விமானம், அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் வேகமாகப் பறப்பது என்றாலே எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதன் கட்டுப்பாட்டு அமைப்புதான் பெரிய ஆச்சரியம். அதிலும் 1960களில் பறந்த அமெரிக்க எக்ஸ்-15.

அதன் செங்குத்து வால் முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் தட்டையாகவும் இருக்கும், தடித்த ஆப்பு மாதிரி. மெல்லிய வால் மேக் 5, 6இல் (ஒலியின் 5, 6 மடங்கு வேகத்தில்) பிடிமானம் இழந்துவிடும், ஆப்பு தாங்கும். இன்னும் மேலே போனால் பிடிப்பதற்குக் காற்றே இல்லை. அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்கும் குட்டி ராக்கெட்டுகள்தான் மூக்கைத் திருப்பும்.

ஒரே பயணத்தில் இவ்வளவு மாற்றம் என்றால், கட்டுப்பாட்டின் கெயினை, அதாவது விமானம் விலகும்போது அதைத் திருத்த எவ்வளவு வலுவாக வாலை அசைப்பது என்ற அளவை, எங்கே நிறுத்தி வைப்பது? மூன்றாவது எக்ஸ்-15இல் ஹனிவெல் நிறுவனத்தின் எம்ஹெச்-96 என்ற தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. கெயினைத் தானே ஏற்றிக்கொண்டு போய், லேசாக அதிரத் தொடங்கியதும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். திருவிழாவில் மைக் செட்காரர் 'கூய்' என்று கத்தும்வரை வால்யூமை ஏற்றிப் பார்ப்பாரே, அதே கதைதான். (நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் இதைச் சோதித்துப் பறந்திருக்கிறார்.)

1967 நவம்பர் 15. அதே மூன்றாவது எக்ஸ்-15இல் விமானி மைக்கேல் ஆடம்ஸ் சுமார் 81 கி.மீ. உயரம் தொட்டார். நடுவில் மின்கோளாறு, மூக்கு திசை விலகியது, இறங்கும்போது மேக் 5இல் விமானம் சுழல ஆரம்பித்தது. அதிலிருந்து மனிதர் மீண்டுவிட்டார்! அப்புறம்தான் வினை. குறைய வேண்டிய கெயின் குறையவில்லை. கிடைவால் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருந்தது, அவரால் மூக்கை நிமிர்த்த முடியவில்லை. சுமார் 19 கி.மீ. உயரத்தில் விமானம் உடைந்து சிதறியது.

எக்ஸ்-15 மொத்தம் 199 முறை பறந்தது. உயிர் போனது அந்த ஒருமுறை மட்டும்தான்.