ஈரோட்டு மஞ்சளில் நட்சத்திர பிஸ்கட்

நாங்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வந்து இறங்கியது நவம்பர் மாதம். கவுந்தப்பாடி வெயிலில் வளர்ந்தவள் நான், நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் அஞ்சு வயசு மகளையும் மூணு வயசு மகனையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தேன். மொழி வரவில்லை, பேச ஆளும் இல்லை.

டிசம்பர் பிறந்ததும், வீட்டில் சுட்ட பிஸ்கட் கொண்டுவரச் சொல்லி மகளின் கிண்டர்கார்டனில் சீட்டு கொடுத்துவிட்டார்கள். நாம் தீபாவளிக்கு முறுக்கு சுடுகிற மாதிரி கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும் அங்கே வீட்டுக்கு வீடு பிஸ்கட் சுடுகிறார்கள், அக்கம்பக்கத்துக்கும் ஒரு தட்டு போகிறது. நாட்டில் பொதுவாக ப்ளெட்ஸ்ஷன் என்கிறதை எங்கள் பகுதிக்காரர்கள் குட்ஸ்லெ என்கிறார்கள். நம் கொங்குப் பேச்சு மாதிரி அவர்களுக்கும் தனிப் பேச்சு இருக்கிறது என்று தெரிந்ததுமே அந்த ஊர் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்தது.

கணக்கு சுலபம். சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 300. பிசைந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, தேய்த்து, அச்சில் வெட்டி, 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும், நடுவில் மெத்தென்று இருக்கிறதே என்று விட்டுவைத்தால் ஆறினதும் கல்லாகிவிடும்.

கலருக்குத்தான் யோசனை. கடையில் எடுத்துப் பார்த்த டப்பாவில், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று எழுதியிருந்தது. குறிப்பிட்ட ஆறு செயற்கை நிறங்களில் ஒன்று இருந்தாலும் அப்படி அச்சிட வேண்டும் என்பது 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம். அதைத் திரும்ப வைத்துவிட்டு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏனம்மிணி, வீட்டுல மஞ்சள் இருக்கையில பொடி எதுக்கு?"

அம்மா கட்டிக் கொடுத்தனுப்பியது ஈரோட்டு மஞ்சள், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மஞ்சள். கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த சோடா உப்பை மகள் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுவிட்டாள். கண்ணெதிரிலேயே அது செங்கல் சிவப்பாக மாறியது! மகன் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டான். எனக்கோ ஆரத்தித் தட்டு ஞாபகம், மஞ்சள் தண்ணீரில் அம்மா சுண்ணாம்பைக் குழப்பிச் சிவக்க வைப்பது. சோடாவும் சுண்ணாம்பும் காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தேன், நுரைத்துப் பொங்கி மறுபடி மஞ்சளானது. அன்றைக்கு எத்தனை பழம் தீர்ந்ததோ, எண்ணவில்லை.

பீட்ரூட்டை மாவில் கலந்தால் வேகும்போது பழுப்பாகிவிடுகிறது, அதனால் சுட்டு ஆறினபிறகு மேலே தடவுகிற சர்க்கரைப் பாகில்தான் சேர்க்கிறேன். பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாறும் ரெண்டு சொட்டு பீட்ரூட் சாறும் விட்டால் நல்ல ரோஸ் நிறம். நீலத்துக்குச் சங்குப்பூ. அதற்கு மட்டும் எலுமிச்சை வேண்டாம், ஊதாவாகிவிடும், பால் போதும்.

இந்த ஆடியில் பிள்ளைகளோடு ஊரில் இருந்தோம். ஆடி 18 அன்று பவானி கூடுதுறைக்குப் போய்வந்த சாயங்காலம், அம்மாயிக்குச் சுட்டுக் காட்டியே தீரவேண்டும் என்று ரெண்டு பேரும் ஒரே பிடிவாதம். அம்மா வீட்டில் பிஸ்கட் சுடுகிற ஓவன் இல்லை. அடிகனமான குண்டாவில் மணல் பரப்பி, மூடிச் சூடேற்றி, உள்ளே தட்டை வைத்தோம். வெண்ணெய் ஊத்துக்குளி, இனிப்புக்கு எங்கள் ஊர் நாட்டுச் சர்க்கரை. மாவே பழுப்பாகிவிட்டது, ஆனால் அந்த மணம்! வேலியில் இருந்த சங்குப்பூவை அப்புச்சி பறித்து வந்தார்.

"சாமி, இதுக்கு என்ன பேரு?" என்று அம்மா கேட்டாள்.

"குட்ஸ்லெ, அம்மாயி."

அம்மா ரெண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நீல நட்சத்திரம் ஒன்றை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அப்புறம் ஒரு தட்டு நிறைய அடுக்கி மகள் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள்.