ஒரு பானலுக்கு 1,600 ரூபாய்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு வேகன்ஆரின் பின் கதவுக்கு பிரைமர் அடித்துக் காய விட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஸ்கூட்டரில் போன பெரியவர் ஒருவர் திரும்பி வந்து ஷெட் வாசலில் நிறுத்தினார். "இது எங்க வண்டிங்க" என்றார். பத்து வருடம் ஓட்டிய வண்டியாம். நாலு நாளைக்கு முன்னால்தான் ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடையில், கொடுத்திருக்கிறார். பானெட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இத்தனையும் சரி பண்ண எவ்வளவு ஆகுதுங்க தம்பி?" என்று கேட்டார்.

சொன்னேன். கதவு, ஃபெண்டர் மாதிரி வண்டியின் ஒவ்வொரு வெளிப் பாகமும் ஒரு பானல். மூன்று பானல் பெயிண்ட், பானலுக்கு 1,600 வீதம் 4,800. பெயிண்ட் உடையாத இரண்டு நசுங்கலை உள்ளிருந்து தள்ளி எடுத்தது 1,000. முழு வண்டிக்கு ரப்பிங், பாலீஷ் 1,300. ஆக 7,100 ரூபாய்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். விலை பேசும்போது கன்சல்டிங்கில் எழுதிக் காட்டிய கணக்கு. ஏழு பானல், பானலுக்கு 4,000, வண்டி விலையில் கழித்தது 28,000. அவர் சத்தம் போடவில்லை. அந்தக் காகிதத்தை மறுபடி அதே மடிப்பில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் கன்சல்டிங்காரர் போன் செய்தார். "பெயிண்டர்ணா, நம்ம ரேட்ட ஏனுங்ணா வெளிய சொல்றீங்க?" குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். "வண்டியக் கொடுத்தவரே வந்து நின்னு கேட்டாருங்க. எனக்குப் பொய் சொல்ல வாய் வரல" என்றேன். அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வண்டியை விற்கிறவருக்கும் தெரியாமல், வாங்குகிறவருக்கும் தெரியாமல் நடுவில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விலையாக இது ஏன் இருக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு டிங்கரிங், பெயிண்டிங் ஷெட். தொழில் படித்தது உக்கடத்தில் ஒரு மாஸ்டரிடம். பதினாறு வயதில் தேய்ப்பதற்கு வாட்டர் பேப்பர் பிடித்தேன், இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது என்னிடம் வரும் பத்து வண்டியில் ஆறு கன்சல்டிங் வண்டி. எல்லோரிடமும் நான் வாங்கும் ரேட் ஒன்றல்ல. நேராக வரும் வாடிக்கையாளருக்குச் சின்ன காரில் ஒரு பானல் 2,800. கன்சல்டிங்குக்கு 1,600. பம்பர் அவர்களுக்கு 1,300, வெளியாளுக்கு 2,200. முழு வண்டி பெயிண்ட் என்றால் வெளியாளுக்கு 45,000, கன்சல்டிங்குக்கு 26,000. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து காட்டும் எஸ்டிமேட்டுகளில் ஒரு பானல் ஐந்தாயிரத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. ஊருக்கு ஊர், ஷெட்டுக்கு ஷெட் ரேட் மாறும். வெளியாள் கொடுப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கன்சல்டிங் கொடுக்கும் என்பது மட்டும், எனக்குத் தெரிந்த பெயிண்டர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1,600இல் என்ன மிஞ்சும்? பள்ளத்தை நிரப்பப் பட்டி, அதன் மேல் பிரைமர், நிறத்துக்கு பேஸ் கோட், பளபளப்புக்குக் கிளியர், இறுகுவதற்கு ஹார்டனர், தின்னர், எமரி பேப்பர், மாஸ்கிங் டேப் எல்லாம் சேர்த்து ஒரு பானலுக்கு 720 ஆகிறது. தகரம் தட்டும் டிங்கர், ஹெல்பர் கூலியில் அந்தப் பானலின் பங்கு 580. கம்ப்ரஸர் கரண்ட், ஷெட் வாடகை 150. மிச்சம் 150 ரூபாய். அந்த 150ஐக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டே வழிதான். பெயிண்ட் டின்னில் கைவைக்கலாம், அல்லது நேரத்தில் கைவைக்கலாம். பெயிண்ட்டில் கைவைத்தால் கன்சல்டிங் யார்டில் விற்பனைக்கு நிற்கும்போதே நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எல்லோரும் நேரத்தில்தான் கைவைக்கிறோம். நேரத்தைத் திருடினால் அது உடனே தெரியாது.

நான் திருடிய ஒரு அரை நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. ஒரு கன்சல்டிங்கிலிருந்து சில்வர் நிற ஸ்விஃப்ட் வந்தது, 2014 மாடல். பின் சக்கரத்தை ஒட்டிய இடது குவார்ட்டர் பானல் எதிலோ உரசி, வீல் வளைவுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. தீபாவளிக்கு முன் டெலிவரி, பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், வியாழக்கிழமை வண்டி வேண்டும் என்றார்கள். டிங்கர் இழுத்துச் சமன் செய்த பிறகும் ஒரு பள்ளம் இருந்தது, பட்டி போட்டேன். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர்தான் கணக்கு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடப் போட்டால் பிற்பாடு மேல் பெயிண்ட்டில் கறை ஏறும். அந்தத் தப்பை நான் செய்யவில்லை. செய்தது வேறு.

பட்டியை உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும், பேப்பர் சீக்கிரம் அடைத்துப் போகும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் வேலை சுலபம், பேப்பரும் மிச்சம். ஆனால் பட்டி தண்ணீரை உறிஞ்சும். காய்ந்த செங்கல்லில் தண்ணீர் தெளித்தால் இழுக்குமே, அது மாதிரி. அப்படித் தேய்த்தால் வெயிலில் முழுதாகக் காய விட்ட பிறகுதான் பிரைமர் அடிக்க வேண்டும். அன்றைக்கு வெளியே தூறல். வெயில் இல்லை. துணியால் துடைத்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, ஹாலஜன் லைட்டைப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரத்தில் பிரைமர் அடித்துவிட்டேன். வியாழக்கிழமை வண்டி கண்ணாடி மாதிரி போனது.

மாசியில் ஒரு ஆசிரியை வந்தார். விலாசம் விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். அதே ஸ்விஃப்ட். வீல் வளைவுக்கு மேலே மிளகு அளவில் கொப்புளங்கள், பத்துப் பதினைந்து. ஒன்றை நகத்தால் அழுத்தினேன். மேல்தோல் உடைந்து உள்ளே ஈரமாக இருந்தது, விரலில் பழுப்பாகத் துருக்கறை ஒட்டியது. பட்டிக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் வெயில் ஏற ஏற ஆவியாகி மேலே தள்ளியிருக்கிறது, கீழே தகரத்தையும் தின்ன ஆரம்பித்திருக்கிறது. "நாலு லட்சம் லோன் போட்டு வாங்கினேன் சார். புது பெயிண்ட், பதினைந்தாயிரம் செலவு பண்ணியிருக்கோம்னு சொன்னாங்க" என்றார். அந்த வண்டிக்கு நான் வாங்கியது 4,700. அந்தப் பானலுக்கு 1,600.

முழுதாக உரித்து, தகரம் வரை இறங்கி, காசு வாங்காமல் செய்து கொடுத்தேன். ஐந்து நாள் ஆனது. கன்சல்டிங்காரரிடம் பாதியாவது கொடுங்கள் என்று கேட்டேன். விற்ற வண்டி, கணக்கு முடிந்தது என்றார். அவர் பக்கம் அது அப்படித்தான். அவர் காசு கொடுப்பது யார்டில் இருபது நாள், ஒரு மாதம் பளபளப்பாக நிற்பதற்கு. வாங்குகிறவர் காசு கொடுப்பது ஐந்து வருடம் ஓட்டுவதற்கு. இரண்டுக்கும் நடுவில் நின்று பட்டி பூசுகிறவன் நான்.

பம்பரிலும் இதே கதை. பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்க அதற்கென்று ஒரு பிரைமர் உண்டு. அதை விட்டுவிட்டு அடித்தால் ஒரு பம்பருக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் மிச்சம். முதல் நாள் வித்தியாசமே தெரியாது. வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீர் ஓரத்தில் படும்போது வெங்காயத் தோல் மாதிரி உரியும். சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் நிறத்தில் ஒரு கதவை மட்டும் அடித்தால் பக்கத்துப் பானலோடு சேராது. பக்கத்துப் பானலுக்குள்ளும் கொஞ்சம் நிறத்தை ஓடவிட்டு, அந்தப் பானல் முழுக்க கிளியர் அடிக்க வேண்டும். அந்த இரண்டாவது பானலுக்கு எந்தக் கன்சல்டிங்கும் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. "வெயில்ல நிறுத்த மாட்டோம்ணா" என்பார்கள்.

மாஸ்க் பற்றியும் சொல்ல வேண்டும். கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகையைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் ஆஸ்துமா வரலாம். துணி கட்டினால் நிற்காது, ஃபில்டர் போட்ட மாஸ்க் வேண்டும், ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1,600 ரூபாய்க் கணக்கில் அதற்கு இடமே இல்லை. என் மாஸ்டர் கைக்குட்டை கட்டியே முப்பது வருடம் அடித்தார். இப்போது இரண்டு மாடி ஏற அவரால் முடியவில்லை. என் ஷெட்டில் மாஸ்க் இல்லாமல் எவனும் ஸ்ப்ரே கன்னைத் தொடக்கூடாது. அந்தச் செலவு என் 150இல் இருந்துதான் போகிறது.

கன்சல்டிங்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் கணக்கும் எனக்குத் தெரியும். 2,90,000க்கு எடுத்து 3,30,000க்கு விற்றால் 40,000 லாபம் என்று நமக்குத் தோன்றும். அதில் புரோக்கர் கமிஷன், வண்டி எடுக்க வாங்கிய பணத்துக்கு மாத வட்டி, யார்டு வாடகை, டயர், பேட்டரி, ஆர்.சி. மாற்றும் செலவு எல்லாம் போக வேண்டும். அப்புறம் ஜி.எஸ்.டி. பழைய கார் விற்பனையில், பதிவு பெற்ற வியாபாரிக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரி. சின்ன கார்களுக்கு 12 சதவீதமாக இருந்ததை 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் 18 ஆக்கியது, 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. எனக்குக் கொடுத்த 7,100ஐ அந்த வித்தியாசத்தில் கழித்துக்கொள்ள முடியாது. அதாவது பெயிண்டருக்குக் கொடுக்கும் காசுக்கும் சேர்த்துத்தான் அவர் வரி கட்டுகிறார். அதனால் எங்கே இறுக்கலாம் என்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது என் ரேட்தான். ஆடி மாதம் வந்தால் இன்னும் இறுக்குவார்கள். ஆடியில் வண்டி வாங்க ஆள் வராது, ஆவணிக்கு யார்டைத் தயார் செய்ய வேண்டும், மொத்தமாகப் பத்து வண்டி தருகிறேன், 1,400 போட்டுக்கொள்ளுங்கள் என்று வரும்.

ரேட்டை விடவும் என்னை வாட்டுவது கடன்தான். காசு வேலை முடிந்ததும் வராது, வண்டி விற்ற பிறகுதான் வரும். சில வண்டி ஒரு வாரத்தில் போகும், சில வண்டி மூன்று மாதம் நிற்கும். போன வருடம் ஒரு சமயம் 1,40,000 ரூபாய் வெளியே நின்றது. பெயிண்ட் கடையில் நான் கடன், சனிக்கிழமை பையன்களுக்குக் கூலி என் மனைவியின் நகையை வைத்து. அந்த மாதிரி வாரத்தில் வரும் வண்டியில் பட்டி காயக் காத்திருக்கக் கை வராது. இது சமாதானம் இல்லை, நடந்தது.

வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விற்பதற்கு முன் தயவு செய்து பெயிண்ட் அடிக்காதீர்கள். நல்ல கன்சல்டிங்காரர் கீறல் விழுந்த கம்பெனி பெயிண்ட்டைத்தான் விரும்புவார். புதிதாக அடித்த பானலைப் பார்த்தால் அடியில் என்ன இருக்கிறதோ என்ற சந்தேகம்தான் வரும், அதற்கும் சேர்த்துக் கழிப்பார். கழுவி, ஒரு பாலீஷ் போட்டுக் கொண்டுபோனால் போதும். பானலுக்கு நாலாயிரம் என்று கழிக்க ஆரம்பித்தால், உங்களுக்கு ஆகும் விலை அது இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். எத்தனை பானல் நிஜமாகவே பெயிண்ட் கேட்கிறது என்று நடந்து காட்டச் சொல்லுங்கள். அந்த வேகன்ஆரில் ஏழு என்று எழுதினார்கள், எனக்கு வந்தது மூன்றுதான்.

வாங்குகிறவர்கள் பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும். ஒரு முறை மேலே அடித்திருந்தால் 200, 300. அறுநூறு, ஆயிரம் என்று காட்டினால் அடியில் பட்டி. பட்டி இருப்பது குற்றம் இல்லை. யார் போட்டது, எத்தனை நாளில் போட்டது என்று கேளுங்கள்.

ஆசிரியை வந்து போன பிறகு நான் இரண்டு விஷயம் மாற்றினேன். எந்த வண்டியாக இருந்தாலும் என் ஷெட்டில் பட்டியை உலர்வாகத்தான் தேய்க்கிறோம். தூசிக்கு ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். அப்புறம், எந்தப் பானலில் என்ன செய்தேன், எவ்வளவு வாங்கினேன் என்று ஒரு சீட்டு எழுதி வண்டியோடு கொடுக்கிறேன். யார்டில் அதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்று தெரியும். அதனால் ஒரு காப்பி என்னிடம் இருக்கிறது. வண்டி நம்பர் சொல்லி யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன்.

வேகன்ஆர் சனிக்கிழமை போனது. கன்சல்டிங்காரரே எடுக்க வந்தார். பெரியவருக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். "பேசினேங்ணா. ஐயாயிரம் அனுப்பி விட்டேன்" என்றார். அப்புறம் சீட்டை வாங்கிப் படித்தார், கதவு, ஃபெண்டர், டிக்கி என்று விரல் வைத்து எண்ணினார். "அடுத்த வண்டியிலிருந்து 1,900 வாங்கிக்கறேங்க, வேலை முடிஞ்சதும் பாதி கைக்கு வந்துரணும்" என்றேன். பதில் சொல்லாமல் சீட்டை டேஷ்போர்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். இன்று காலை ஒரு ஐ-10 அனுப்பியிருக்கிறார். முன் பம்பர், இரண்டு கதவு. டிரைவர் கையில் ஒரு கவர் இருந்தது, உள்ளே 2,500 ரூபாய்.