பனிமலைக்குப் போன ஓகஸ்ட்

யூலை 22

பாஸ்போட் மூன்றும் வந்துவிட்டன, விசா ஒட்டியிருக்கிறது. உடனே படம் எடுத்து சுவிஸில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவரும் ஒரு படம் அனுப்பினார். அங்கே யுங்ஃபிராவ்யோக் என்ற பனிமலை இடத்துக்கு டிக்கட். காசு கட்டியாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரவு சின்னவனின் மூச்சு, நிமிடத்துக்கு 22.

யூலை 24

ஆடி அமாவாசை, மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தம். சனமும் புழுதியும் கற்பூரப் புகையும். சின்னவனை உள்ளே கொண்டுபோகாமல் வீதியோரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றேன், மூத்தவள் அம்மாவோடு குளத்தடிக்குப் போனாள். வந்து சொல்கிறாள், அம்மம்மா, அப்பப்பாவுக்கு, அம்மப்பாவுக்கு எல்லாம் முழுகி முடித்துக் கரைக்கு ஏறப் போனவர் திரும்பவும் இறங்கி இன்னொரு தடவை முழுகினாராம். அது யாருக்கு என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

யூலை 27

23. நாள் முழுக்கக் கச்சான் காற்று. ஜன்னல் எல்லாம் பூட்டி வைத்திருக்கிறேன்.

யூலை 30

டொக்டரிடம் போனேன். போகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அதை அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சின்னவனுக்குக் கடைசியாக எப்போது மூச்சு இழுத்தது என்று கேட்டார். மே மாதம் என்றேன். நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, நம்முடைய கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஒட்சிசனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும், ஆனால் பிள்ளை நல்லா இருந்தால் ஒன்றிரண்டு மணித்தியாலம் நிற்பதில் பிழையில்லை என்றார். பயப்பட வேண்டியது குளிருக்குத்தானாம். குளிர்ந்த காய்ந்த காற்று நேரே உள்ளே போனால் மூச்சுக்குழாய் சுருங்கும், அதனால் வெளியே இறங்க முன்னம் வாயால் இழுக்கிற மருந்துப் பம்ப் இரண்டு தரம், மூக்கையும் வாயையும் மூடி ஒரு சால்வை, ஓட விடக்கூடாது, தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும், தலையிடியோ சத்தியோ வந்தால் ஒரு நிமிடமும் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். அந்த மலைக் காற்று காய்ந்தது என்பதால் தூசிப்பூச்சி குறைவு, சில பிள்ளைகளுக்கு அங்கே சுகமாகக்கூட இருக்கும் என்றும் சொன்னார். எல்லாம் விளங்கியது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஓகஸ்ட் 2

அந்த மலையில் கமரா வைத்திருக்கிறார்கள், நேரடியாகப் பார்க்கலாம். இன்று பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். இங்கே கறண்ட் போய் வேர்த்து ஊற்றுகிறது, போனில் வெள்ளை வெளேரென்று பனி, ஆட்கள் எறும்பு மாதிரி நடக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் தெரிகிறார்களா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் தெரிந்தது, யாரோ தூக்கி வைத்திருந்தார்கள்.

1912 ஓகஸ்ட் 1இல்தான் அங்கே போகிற ரயிலை மேலேவரைக்கும் விட்டிருக்கிறார்கள். மலையைக் குடைய 16 வருசம். அக்கா சுவிஸுக்குப் போயும் 16 வருசம்.

ஓகஸ்ட் 7

அம்மா ஓமத்தை வறுத்துச் சின்னத் துணியில் முடிந்து தந்திருக்கிறார். அக்காவுக்குக் கஜு, மாசி, மிளகாய்த்தூள். இவருக்கு லீவு இல்லை. நாளைக்கு இரவு பஸ்.

ஓகஸ்ட் 10, பேர்ன்

வந்து சேர்ந்துவிட்டோம். பிளேனில் அவன் நித்திரை, நான் இல்லை. 24, 22, 24.

ஓகஸ்ட் 12

அக்காவோடு சண்டை. சமையலறையில், பிள்ளைகளுக்குக் கேட்காமல், குரலைத் தாழ்த்தித்தான். நீங்களும் மூத்தவளும் போயிட்டு வாங்க, நானும் இவனும் நிக்கிறம் என்றேன். அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு, "பதினாறு வருசமா நான் அங்க போனதில்ல கா. நீங்க வந்தாத்தான் போறதெண்டு இருந்தன்" என்றார். முதியோர் இல்லத்தில் விடிய ஆறு மணி வேலைக்குப் போய்வருகிறவர், அந்த மலையை ரயில் நிலையத்துப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். எனக்கு இது தெரியாது. கேட்டதும் இல்லை.

"பயப்பிடாத கா, ஏலாட்டி இறங்கிருவம்" என்றார் அக்கா.

ஓகஸ்ட் 14

போய்வந்துவிட்டோம்.

விடியற்காலை எழும்பி, இன்டர்லாகன் போய், அங்கிருந்து கிரின்டெல்வால்ட். சின்னவனுக்கு ஆறு வயது ஆகவில்லை, அதனால் டிக்கட் இல்லை, அது அவனுக்குப் பெரிய கவலை, தனக்கும் ஒரு டிக்கட் வேண்டும் என்று அடம். அத்தான் தன்னுடையதைக் கொடுத்துப் பிடிக்க வைத்தார். அங்கிருந்து கேபிள் கார், 2020இல் புதிதாகப் போட்டது, கால் மணித்தியாலத்தில் 2320 மீட்டருக்கு ஏற்றிவிடுகிறது. காது அடைத்தது, பிள்ளைகளுக்கு டொபி கொடுத்தோம். சிவனொளிபாதமலையை விட உயரத்தில் நிற்கிறோம் என்று மூத்தவளுக்குச் சொன்னேன். அதை ஒரு இரவு முழுக்கப் படி ஏறியவள் நான், இங்கே ஒரு டொபி கரைய முன்னம் வந்துவிட்டோம். மனசுக்குள் ஒரே நடுக்கம், மெதுவாக ஏறினால் உடம்பு பழகும், இப்படித் தூக்கிப் போட்டால் எப்படிப் பழகும்.

அப்புறம் ரயில், முழுக்க மலைக்குள்ளே இருட்டுக்குள். நடுவில் ஐஸ்மேர் என்ற இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள், பாறையில் வெட்டிய ஜன்னலால் வெளியே பார்த்தால் நீலமாக ஐஸ். எல்லாரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். நான் அவனுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலுக்குள் திரும்பி வந்து பம்ப், ஸ்பேசர் குழாயை வைத்து இரண்டு தரம். பக்கத்து சீற்றில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவருடைய பையிலும் அதே நீலப் பம்ப்.

மேலே 3454 மீட்டர். ஐஸைக் குடைந்து அறை அறையாகச் செய்த ஒரு மாளிகைக்குள் முதலில் போனோம். உள்ளே வருகிற சனத்தின் உடம்புச் சூட்டிலேயே சுவர் உருகுமாம், அதனால் குளிரூட்டி மைனஸ் 3 பாகையில் வைத்திருக்கிறார்கள். சின்னவன் சால்வைக்குள்ளால் சுவரில் ஊதி ஊதிப் பார்த்தான். ஊதாத மகனே, மூச்சை வீணாக்காத என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே போகிற கதவைத் திறந்ததும் அந்த வெளிச்சம், கண்ணாடி போட்டும் கூசியது. கீழே அலெட்ஷ் ஐஸ் ஆறு, 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஊரில் கல்லடியில் தொடங்கினால் களுவாஞ்சிக்குடிக்குக் கிட்டப் போய்விடும், அவ்வளவும் ஐஸ். மூத்தவள் பனியை அள்ளி எறிந்து சிரித்து, பத்து நிமிடத்தில் கை விறைத்து அழுது, அத்தானுடைய ஜக்கெற்றுக்குள் கையை விட்டு, திரும்பவும் எறியப் போனாள். எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. நாலு எட்டு வைத்தால் நெஞ்சு அடித்தது. சின்னவனை எங்கே என்று தேடினால் அக்கா பனியில் முழங்காலில் இருக்கிறார், கையுறையைக் கழற்றிவிட்டு அவனுடைய ஜக்கெற்றுக்குள் நெஞ்சில் கையை வைத்திருக்கிறார், மற்றக் கையில் போன், உதடு அசைகிறது.

எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும்தான் இதைச் செய்கிறேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பக்கத்தில் போய் நானும் முழங்காலில் இருந்தேன். "இருபத்தாறு" என்றார் அக்கா. பிறகு, "அண்டைக்கு ஊரடங்கு மட்டும் இல்லாட்டி" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். கல்லடிப் பாலத்தடியில் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்ற இரவைப் பற்றி அக்கா வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. சின்னவன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, பெரியம்மா கூசுது கையை எடுங்க என்றான்.

ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஓகஸ்ட் 15

அம்மா எடுத்தார். பனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேலே எத்தனை என்று கேட்டார். 26 என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சரி மகள்" என்று வைத்துவிட்டார்.

ஓகஸ்ட் 16

20. சுவிஸில் அவன் இப்படி நித்திரை கொள்கிறான்.

ஓகஸ்ட் 20

வீடு. பள்ளிக்கூடச் சப்பாத்து இருவருக்கும் இறுக்கம்.

ஓகஸ்ட் 22

படுவான்கரையில் சிறுபோக அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கிறார்கள், கச்சான் காற்றோடு புகை வாவியைத் தாண்டி வருகிறது. பின்னேரம் இருமத் தொடங்கினான். 29.

ஓகஸ்ட் 23

34. பம்ப் நாலு தரம். ஈரத் துணியை ஜன்னலுக்குக் கட்டிவிட்டு அவனை மடியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அம்மா காலடியில் இருக்கிறார், படுக்கவே மாட்டாராம். இவர் ஓட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார், வாசலில் நிற்கிறது.

விடிய இரண்டு மணி

அக்கா எடுத்தார். எத்தனை என்று மட்டும் கேட்டார்.