அமெரிக்க வரலாற்றுத் தாள்: ஒற்றுமை, பிளவு கேள்வியை நான் படித்த விதம்

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்கத் தாளை முதல் முறை எழுதியபோது, 1815க்குப் பிந்தைய தேசிய ஒற்றுமையும் வட்டாரப் பிளவும் பற்றிப் பெரிய கேள்வி ஒன்று வந்தது. ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ, தேசிய வங்கி, ஈரி கால்வாய் எல்லாம் ஒற்றுமைக்கு, மிசௌரி, அடிமை முறை எல்லாம் பிளவுக்கு என்று இரண்டாகப் பிரித்து எழுதினேன். தேறவில்லை. அடுத்த முறை படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. ஜனாதிபதித் தேர்தலில் மன்றோ ஒரே ஒரு வாக்கைத் தவிர எல்லாத் தேர்வாளர் வாக்குகளையும் (மாநிலங்களின் பிரதிநிதிகள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கப் போடும் வாக்குகள்) பெற்றது 1820இல். அடிமை முறை எங்கே இருக்கலாம் என்று வடக்கும் தெற்கும் மோதி முடிவு கண்ட மிசௌரி சமரசமும் அதே 1820. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் அடைத்தால் அந்தக் காலமே புரியாது.

அதனால் நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு இரண்டு மனிதர்களைப் பின்தொடர்ந்தேன். தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன் 1816இல் காப்பு வரியை, அதாவது உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிக்குப் போடும் வரியை, ஆதரித்தார். வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தின் டேனியல் வெப்ஸ்டர் எதிர்த்தார். 1828இல் வரி மேலும் உயர்ந்தபோது வெப்ஸ்டர் ஆதரித்து வாக்களித்தார். துணை ஜனாதிபதியாக இருந்த கால்ஹூனோ, பெயர் போடாமல் அதைக் கண்டித்து எழுதினார். கூட்டாட்சிச் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாது என்று சொல்லலாம் என்பது அவர் வாதம்.

ஏன் இப்படி இடம் மாறினார்கள்? விடையின் உயிரே இந்தக் கேள்விதான், இதற்கு நிதானமாக நேரம் கொடுங்கள். நியூ இங்கிலாந்தின் பணம் முதலில் கப்பல் வணிகத்தில் இருந்தது. இறக்குமதி வரி அதற்குப் பாதகம். பிறகு அந்தப் பணம் துணி ஆலைகளுக்குப் போனது, ஆலைக்கு வரி பாதுகாப்பு. தெற்கு பருத்தியைப் பிரிட்டனுக்கு விற்றுத் தேவையான பொருட்களை வெளியிலிருந்து வாங்கியது, வரி ஏற ஏற அதன் செலவு கூடியது. அந்தப் பருத்தி அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதை இங்கேயே எழுதிவிடுங்கள். வரியைத் திணிக்கும் வலிமை வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசுக்கு இருந்தால் நாளை அடிமை முறையிலும் அது கை வைக்கும் என்ற பயம் தெற்குக்கு இருந்தது. வரித் தகராறை வெறும் பணத் தகராறாக எழுதினால் விடை பாதியில் நின்றுவிடும்.

வங்கி, கால்வாய் பற்றித் தலா இரண்டு வாக்கியம் போதும். ஈரி கால்வாய் 1825இல் முடிந்தது, நியூயார்க் மாநிலத்தின் செலவில். அதைக் கூட்டாட்சியின் திட்டம் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் மிசௌரி. அப்போது அடிமை மாநிலங்கள் 11, அடிமை முறை இல்லாதவை 11. மிசௌரி அடிமை மாநிலமாகவும் மெய்ன் அடிமை முறை இல்லாத மாநிலமாகவும் சேர்ந்ததால் செனட்டில் சமநிலை காக்கப்பட்டது. பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலப்பரப்பின் மிச்சப் பகுதியில் 36°30' கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றும் முடிவானது. ஆனால் மிசௌரியின் பெரும் பகுதி அந்தக் கோட்டுக்கு வடக்கேதான் இருக்கிறது, அது விதிவிலக்கு. நான் முதல் முறை தெற்கே என்று எழுதி வைத்திருந்தேன். பென்சிலில் ஒரு சின்ன வரைபடம் போட்டுக் கோட்டை இழுத்து, அதன் மேல் மிசௌரியைக் குறித்துவிட்டால் இந்தத் தவறு வராது. நாலு நிமிஷம் அதற்கு ஒதுக்குங்கள்.